ஃபாய்டு கார்டு வரவில்லை, பணம் மட்டும் போகிறது

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இல்லினாய் மாநிலத்து ஃபாய்டு கார்டைப் பற்றித்தான். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: அந்த மாநிலத்தில் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மாநிலக் காவல்துறை தரும் இந்த அட்டை வேண்டும். 1968-இல் வந்த சட்டம். கட்டணம் 10 டாலர், 10 வருடம் செல்லும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

விண்ணப்பித்து 47 நாள் ஆகிறது. கிரீன் கார்டு இருக்கிறது. ஒரு ஸ்பீடிங் டிக்கெட் தவிர என் பெயரில் எதுவும் கிடையாது. இன்னும் பரிசீலனையில் என்றே காட்டுகிறது. யாரைப் பிடிப்பது அண்ணா? (நேப்பர்வில்)

சட்டம் சொல்வது 30 நாள். அதற்குள் கார்டைத் தர வேண்டும், இல்லையென்றால் மறுக்க வேண்டும். ஆக உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் யாரையும் பிடிப்பதற்கு முன்னால் உங்கள் விண்ணப்பத்தை எடுத்துப் பாருங்கள். நம் ஆட்கள் விஷயத்தில் பெயரும் தேதியும்தான் திரும்பத் திரும்பக் காலை வாருகின்றன. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும், அதனால் விசாவில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருக்கும், ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் கடைசிப் பெயராகியிருக்கும், கிரீன் கார்டில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். போன வருடம் ஒரு நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவருடைய இரண்டு கார்டுகளையும் விண்ணப்ப நகலையும் வரிசையாக வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டோம். பெயரெல்லாம் சரி. பிறந்த தேதியை நம் ஊர் வழக்கப்படி நாளை முதலில் போட்டிருந்தார், நவம்பர் 4 ஏப்ரல் 11 ஆகியிருந்தது. ஏழு வாரம் அவர் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

உங்கள் பக்கம் எல்லாம் சரி என்றால் உங்கள் தொகுதியின் மாநிலப் பிரதிநிதி அல்லது மாநில செனட்டர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். வாஷிங்டன் போகிறவர் அல்ல, மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்ட் போகிறவர். விண்ணப்ப எண், விண்ணப்பித்த தேதி, ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடி பெயர், இவ்வளவு போதும். குடியுரிமை இல்லையே, ஓட்டு இல்லையே என்று தயங்க வேண்டாம், நீங்கள் அந்தத் தொகுதியில் குடியிருப்பவர். 2020-இலும் 2021-இலும் மாதக்கணக்கில் கார்டு தேங்கி, விஷயம் நீதிமன்றம் வரை போனபோதும், பலர் இந்த வழியாகத்தான் பதில் வாங்கினார்கள்.

வேறு எத்தனையோ மாநிலங்களில் இப்படி ஒரு கார்டே கிடையாது. இங்கே மட்டும் ஏன் இத்தனை சோதனை? எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் தாமதமே இருக்காதே. (ப்ளூமிங்டன்)

இதே மாநிலத்து அரோராவில் 2019 பிப்ரவரியில் நடந்த துப்பாக்கிச் சூடு நினைவிருக்கிறதா? சுட்டவருக்கு மிசிசிப்பியில் 1995-இல் கடுங்குற்றத் தண்டனை இருந்தது. அது சிக்காமல் 2014-இல் ஃபாய்டு கார்டு கிடைத்தது. துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமத்துக்கு விரல்ரேகை கொடுத்தபோதுதான் பழைய வழக்கு தெரிந்து கார்டை ரத்து செய்தார்கள். அவரிடமிருந்த துப்பாக்கியைப் பறிமுதல் செய்ய யாரும் போகவில்லை. வேலை செய்த இடத்திலேயே ஐந்து பேரைக் கொன்றார். எனக்கும் தாமதத்தின் மேல் கோபம் உண்டு. ஆள் போட்டுச் சோதனையை வேகமாக முடியுங்கள் என்று கேட்பேன், சோதனையை எடுத்துவிடுங்கள் என்று கேட்க மாட்டேன்.

சீக்கிரம் வாங்கித் தருகிறோம் என்ற ஒரு இணையதளத்தில் 89 டாலர் கட்டினேன். சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதமாகப் பதில் இல்லை. போலீஸ் கணக்கில் பார்த்தால் என் பெயரில் விண்ணப்பமே இல்லை. (ஷாம்பர்க்)

மன்னியுங்கள், இது உங்கள் முட்டாள்தனம் இல்லை, திருட்டு. இன்றே மூன்று வேலை செய்யுங்கள். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் தகவல் நிறுவனங்களிலும் உங்கள் கிரெடிட்டை உறைய வையுங்கள் (உங்கள் பெயரில் வேறு யாரும் புதுக் கடன் வாங்குவதைத் தடுக்க), இலவசம்தான். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், அந்தக் கட்டணம் முதலில் வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் கார்டு கம்பெனிக்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அப்புறம் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் மோசடிப் பிரிவில் புகார். இதெல்லாம் முடிந்ததும் காவல்துறையின் சொந்தத் தளத்தில் நீங்களே விண்ணப்பியுங்கள், அதே 10 டாலர்தான்.

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் வளர்ந்த ஊரில் ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் புரோக்கர் இல்லாமல் எல்எல்ஆர் கூடக் கிடைக்காது என்ற நம்பிக்கை நமக்கு ரத்தத்தில் ஊறியிருக்கிறது. எதற்கும் நடுவில் ஒரு ஆள் வேண்டும், அவருக்குக் கொடுத்தால் ஃபைல் நகரும். இங்கே இந்தக் கார்டுக்கு நடுவில் ஆளே கிடையாது. விண்ணப்பம் போகும் இடம் ஒன்று, பார்க்கும் இடமும் அதுவே. தட்கல் மாதிரி அவசரக் கட்டணம் என்று ஒன்று கிடையவே கிடையாது. அப்படி ஒன்றை யார் விற்றாலும் இல்லாத சரக்கை விற்கிறார் என்று அர்த்தம். தேடுபொறியில் மேலே வரும் முதல் இரண்டு மூன்று சுட்டிகள் விளம்பரமாக இருக்கலாம், கொடியும் முத்திரையும் போட்டு அரசுத் தளம் போலவே இருக்கும். நானும் விழுந்திருக்கிறேன். வீடு மாறியபோது முகவரி மாற்ற ஒரு தளத்தில் 45 டாலர் கட்டினேன், தபால் துறையில் ஒரு டாலர் சொச்சத்துக்கு முடிகிற வேலை. அந்தப் பணம் திரும்பி வரவே இல்லை. அரசாங்கம் நம்மைக் காக்க வைக்கிறது, அந்தக் காத்திருப்பை இவர்கள் காசாக்குகிறார்கள், அதில் அதிகம் மாட்டுவது மொழியிலும் நடைமுறையிலும் புதிதாக வந்தவர்கள். எனக்கு வயிறு எரிவது அங்கேதான்.

கார்டு வருவதற்கு முன்பே ஒரு கடையில் 200 டாலர் முன்பணம் கட்டிவிட்டேன். கார்டு தாமதமாகிறது, பணத்தைத் திரும்பக் கேட்டால் தர மாட்டோம் என்கிறார்கள். ரசீதில் ஏதோ எழுதியிருக்கிறது, நான் படிக்கவில்லை. (பியோரியா)

படித்திருக்க வேண்டும். திரும்பத் தர மாட்டோம் என்று எழுதி, நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால் நான் சொல்ல அதிகம் இல்லை. கடை மேலாளரிடம் நேரில் போய், கார்டு வரும்வரை நிறுத்தி வைப்பார்களா, வேறு பொருளுக்குக் கழித்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். பல கடைகளில் கார்டைக் காட்டாமல் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்க்கவே விட மாட்டார்கள். கார்டு வந்து வாங்கினாலும் 72 மணி நேரம் கழித்துத்தான் கையில் தருவார்கள். இத்தனை காத்திருப்பு தெரிந்தும் முதலில் காசைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எப்படி?

கார்டு உள்ள நண்பர் தன் பெயரில் வாங்கித் தருகிறேன் என்கிறார். என் கார்டு வந்ததும் மாற்றிக்கொள்ளலாமாம்.

வேண்டவே வேண்டாம். கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், பல வருடம் சிறை வரை போகும்.

எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். விண்ணப்பித்து 20 நாள். இதற்குள் வாங்கி வைக்கலாமா?

கூடாது. தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டத்தில் தடை இருக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, அதை நம்பி இறங்குமுன் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள். கிரீன் கார்டுக் கனவோடு விளையாடாதீர்கள்.

புதுப்பிக்க முன்கூட்டியே விண்ணப்பித்தேன். நடுவில் பழைய கார்டு காலாவதியாகிவிட்டது.

காலாவதிக்கு முன்பே விண்ணப்பித்திருந்தால், அவர்கள் பார்த்து முடிக்கும்வரை பழையது செல்லும். விண்ணப்பித்த தேதி தெரியும் பக்கத்தை அச்செடுத்துக் கையோடு வையுங்கள். இந்த முறை விரல்ரேகையும் கொடுத்துவிடுங்கள். கட்டாயம் இல்லை, ஆனால் 2021-இல் வந்த சட்டத் திருத்தத்தால் ரேகை கொடுத்தவர்களுக்குக் கார்டு தானாகவே புதுப்பிக்கப்படும்.

கணவர் கார்டுக்குக் காத்திருக்கிறார். வீட்டில் 6, 9 வயதில் இரண்டு பிள்ளைகள். துப்பாக்கியைப் பூட்டி வைக்கப் பெட்டி வாங்க வேண்டும், மலிவாக எது நல்லது? (அரோரா)

மலிவு என்ற சொல்லை இங்கே விட்டுவிடுங்கள் அம்மா. நான் தள்ளுபடியில் 59 டாலருக்கு ஒரு பெட்டி வாங்கினேன், எண் பலகை, பச்சை விளக்கு எல்லாம் இருந்தது. ஒரு சனிக்கிழமை அலமாரியிலிருந்து இறக்கும்போது கை நழுவித் தரையில் இடித்தது, கதவு தானாகத் திறந்துகொண்டது. எண்ணே போடவில்லை. அப்போது என் பையனுக்கு எட்டு வயது, அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தகடு தடிமனாக இருக்கிறதா, கதவு இடுக்கில் விரல் நகம் நுழைகிறதா என்று கடையில் தொட்டுப் பாருங்கள், பெட்டிக்குள்ளிருந்து போல்ட் போட ஓட்டை இருக்க வேண்டும். தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. பிள்ளைகள் கைக்குப் போகாமல் பூட்டி வைப்பது அங்கே சட்டப்படியும் கடமை. கார்டு தாமதமாவது உங்களுக்குக் கிடைத்த நேரம். அதற்குள் பெட்டியைச் சுவரில் முடுக்கிவிடுங்கள், சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் கணவரிடம் இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.