ஓக்ஸ் ஏம்ஸ்: ஷவல் வியாபாரி முதல் நாடாளுமன்றம் வரை – கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கத் தொழிலதிபர் ஓக்ஸ் ஏம்ஸுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

ஷவல் விற்று. மாசசூசெட்ஸ் ஈஸ்டனில் அப்பா நடத்திய தொழிற்சாலையை 1844-ல் ஓக்ஸும் தம்பி ஆலிவரும் எடுத்துக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவில் தங்கம் தோண்டவும், அமெரிக்க உள்நாட்டுப் போரில் பதுங்குகுழி வெட்டவும் அவர்கள் ஷவல்தான் போனது. 1863-ல் ஓக்ஸ் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை உறுப்பினர்.

கேள்வி: அமெரிக்காவின் குறுக்கே ரயில் பாதை போட்ட யூனியன் பசிபிக் ரயில்வேயின் தலைவர் இவர்தானே?

இல்லை, தம்பி ஆலிவர். மாசசூசெட்ஸ் கவர்னரானது இன்னொரு ஆலிவர், ஓக்ஸின் மகன். ஓக்ஸின் அப்பா பெயரும் ஆலிவர். எதைப் படித்தாலும் எந்த ஆலிவர் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: கிரெடி மொபிலியே ஊழலில் நடந்தது என்ன?

ஏம்ஸ் சகோதரர்கள் உட்பட, யூனியன் பசிபிக் ரயில்வேயை நடத்தியவர்களே கிரெடி மொபிலியே என்ற கட்டுமானக் கம்பெனியையும் கையில் வைத்திருந்தார்கள். தங்களுக்குத் தாங்களே கூடுதல் விலைக்குக் கான்ட்ராக்ட் கொடுத்து, லாபத்தை அங்கே எடுத்தார்கள். ரயில்வேக்கு மைலுக்கு 16,000 முதல் 48,000 டாலர் வரை அரசுக் கடன் பத்திரம் கிடைத்தது. நாடாளுமன்றம் நோண்டாமல் இருக்க, ஏம்ஸ் சக உறுப்பினர்களுக்கு கிரெடி மொபிலியே பங்கு கொடுத்தார்.

கேள்வி: இலவசமாகத் தரவில்லையே, முகவிலைக்கு விற்றார். அது எப்படி லஞ்சம்?

முகவிலை என்பது பங்கில் அச்சிட்ட விலை; சந்தை விலை வேறு. 100 டாலர் பங்கின் மதிப்பு அப்போது அதைவிட மிக அதிகம். சக உறுப்பினர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு பெயரில் ஏம்ஸ் காட்டிய கணக்கைப் பாருங்கள். 10 பங்கு 1,000 டாலர், வட்டி 47. பத்திரமாக வந்த ஈவுத்தொகையை விற்றதில் 776, ரொக்க ஈவுத்தொகை 600. கழித்தால் மிச்சம் 329 டாலர். கைக்காசு ஒரு சென்ட் போடவில்லை!

கேள்வி: கார்ஃபீல்டு மறுத்தாரே? பிறகு ஜனாதிபதியும் ஆனாரே?

மறுத்தார், ஆனார். ஏம்ஸ் கணக்கில் அதனால் ஓர் எண்ணும் மாறவில்லை.

கேள்வி: அப்போது முகவிலைக்கு விற்பதே தப்பா?

மேலே சொல்லியாகிவிட்டது. விலையை மட்டும் பார்க்காதீர்கள், யாருக்கு, எதற்காக என்றும் பாருங்கள். “நமக்கு அதிக நன்மை தரும் இடத்தில்” பங்குகளை வைப்பதாக ஏம்ஸே கிரெடி மொபிலியே பங்குதாரர் மெக்கோம்புக்கு எழுதினார். அந்த மெக்கோம்ப் பங்குத் தகராறில் வழக்குப் போட, 1872 தேர்தல் நேரத்தில் நியூயார்க் சன் பத்திரிகை கடிதங்களை அச்சிட்டது.

கேள்வி: ஏம்ஸின் பதவி பறிபோனதா?

விசாரணைக் குழு நீக்கச் சொன்னது. அவை 1873 பிப்ரவரியில் 182-க்கு 36 என்று கண்டனத்தோடு நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு மே 8-ல் ஏம்ஸ் இறந்தார்.

கேள்வி: இவர்தானே ரயில்வே தலைவர்?

இரண்டாவது பதில்.

கேள்வி: வயோமிங் மாநிலத்தில் இருக்கும் ஏம்ஸ் நினைவுப் பிரமிட்?

60 அடி கிரானைட், கட்டடக் கலைஞர் ஹெச்.ஹெச். ரிச்சர்ட்சன் வடிவமைப்பு. சகோதரர்கள் இருவருக்கும் சேர்த்து ரயில்வே கட்டியது.