பத்தடி வளர்ந்த துராண்டா வேலி: ஒட்ட வெட்டினால் பட்டுப்போகுமா?

கேள்வி: கோவையில் எங்கள் வீட்டு முன்பக்கம் துராண்டா வேலி. மூன்று வருடம் வெளியூரில் இருந்துவிட்டோம். பத்தடி வளர்ந்துவிட்டது. மேலே மட்டும் இலை, கீழே வெறும் குச்சி. கேட்டின் இருபுறமும் தூஜா என்ற அலங்காரச் செடி இருக்கிறது. தோட்ட கான்ட்ராக்டர் ஒருவர், "இது தேறாது, பிடுங்கிவிட்டுப் புதுச் செடி வைக்கலாம்" என்கிறார். ஒட்ட வெட்டினால் துளிர்க்குமா? இந்தச் சித்திரையிலேயே வெட்டலாமா?

பதில்: துளிர்க்கும் அம்மா. பிடுங்க வேண்டாம். கீழ்த்தண்டில் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. துராண்டாவை இரண்டடிக்கு வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து கிளம்பி வரும்.

ஆனால் சித்திரையில் கை வைக்காதீர்கள். இத்தனை நாள் நிழலில் இருந்த தண்டில் திடீரென்று அக்னி வெயில் பட்டால் பட்டை வெந்து வெடிக்கும். ஆனி, ஆடிச் சாரலில் மண் நனைந்தபின் வெட்டுங்கள். அதற்கு முன் குருவிக்கூடு இருக்கிறதா, பாம்பு அடைந்திருக்கிறதா என்று ஒரு கம்பால் விலக்கிப் பாருங்கள். இருபது நாள் முன்பிருந்தே நன்றாகத் தண்ணீர் காட்டுங்கள். பருத்த கிளைக்கு ரம்பம்தான் வேண்டும். அரிவாளால் கொத்தினால் கட்டை பிளந்து நீர் இறங்கி அழுகும். கட்டைவிரலைவிடப் பருத்த வெட்டுகளில் மட்டும் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துத் தடவினால் போதும். துளிர் ஒரு சாண் வந்தபின் தொழு உரம் வையுங்கள். புதுத் தளிரை அடி அகலமாகவும் நுனி குறுகலாகவும் கத்தரித்து வந்தால் கீழேயும் வெயில் படும், இலை நிற்கும்.

அந்த கான்ட்ராக்டர் விஷயத்துக்கு வருகிறேன். "தேறாது" என்று சொல்பவரிடம் முதலில் கேளுங்கள்: புதுச் செடி எந்த நர்சரியிலிருந்து வரும், விலையை நேரே நர்சரியில் கட்டலாமா? பலர் அங்கேயே பின்வாங்குவார்கள். செடிக்குச் செடி கமிஷன் இருக்கிறது. வேலியை வெட்டிக் கொடுத்தால் ஒரு நாள் கூலி. பிடுங்கினால் குழி, செம்மண், செடி, "வேர் டானிக்" என்று பில் நீளும். அந்த டானிக் உங்கள் வேலிக்குத் தேவையே இல்லை. பயிர் வைத்திருப்பவருக்குத் தோட்டக்கலைத் துறை அலுவலர் இருக்கிறார். வீட்டு வேலிக்கு யாரிடம் போய்க் கேட்பது? கேட்க ஆளில்லாமல் விட்டிருப்பதால்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

தூஜாவை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். உள்ளே இலையற்ற பழுப்புக் கட்டை தெரிகிறதல்லவா, அதுவரை வெட்டினால் அந்த இடம் மறுபடி பச்சையாகாது, ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். பச்சை இருக்கும் எல்லைக்குள் நுனியை மட்டும் கத்தரியுங்கள். ஆள் வேலை செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். "எல்லாம் ஒரே மட்டமா எடுத்துடறேன்" என்று தூஜாவின் தலையில் ரம்பம் வைத்துவிடுவார்கள். தூஜாவும் உயரமாகப் போய்விட்டது, பாதியாக்க வேண்டும் என்றால் அதற்கு வழி கிடையாது. அதை எடுத்துவிட்டு வேறு வைப்பதுதான். பிடுங்கச் சொல்லி நானே சொல்வது அது ஒன்றுக்குத்தான்.

வெட்டிய துராண்டாத் தழையையும் மஞ்சள் காயையும் ஆடு மாடுக்குப் போடாதீர்கள், நஞ்சு. பிள்ளைகளும் வாயில் வைக்கக் கூடாது. தெருவில் கொளுத்தவும் கூடாது; திடக்கழிவு விதிகள் தோட்டக் கழிவைத் தனியே சேர்த்து வைக்கச் சொல்கின்றன. எடுக்க வண்டி என்றைக்கு வரும் என்றுதான் யாரும் சொல்வதில்லை. வெட்டுவதற்கு முன்பே வார்டு அலுவலகத்தில் நாள் கேட்டு வாங்கிவிடுங்கள்.