வாசகர் கேள்வி – பதில்: ஐம்பது வயதுப் பாய்மரப் படகை வாங்கலாமா?

கேள்வி: நானும் என் மனைவியும் ஆறு ஆண்டுகளாகச் சிறிய பாய்மரப் படகுகளில் கடலுக்குச் சென்று பழகியவர்கள். பணி ஓய்வுக்குப் பிறகு படகிலேயே தங்கி, வாரக்கணக்கில் பயணம் செய்ய விரும்புகிறோம். 1974-இல் கட்டப்பட்ட, 32 அடி நீளமுள்ள கண்ணாடி இழைப் படகு ஒன்று விற்பனைக்கு வந்துள்ளது. 'அந்தக் காலத்து உறுதியான கட்டுமானம், மேற்பூச்சு வேலை மட்டுமே தேவை' என்று விளம்பரம் கூறுகிறது. நேரில் பார்த்தபோது எங்கள் இருவருக்கும் மிகவும் பிடித்துவிட்டது. உடற்பகுதி நல்ல தடிமனாக இருப்பதால் ஆய்வாளரை அழைப்பது வீண் செலவு என்கிறார் உரிமையாளர். அவர் சொல்வதை ஏற்கலாமா?

பதில்: ஏற்க வேண்டாம். உரிமையாளர் பொய் சொல்கிறார் என்று நான் கருதவில்லை. படகின் உடற்பகுதியைப் பற்றி அவர் கூறுவது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கண்ணாடி இழையில் படகுகளைப் பெருமளவில் கட்டத் தொடங்கிய காலத்தில், அந்தப் பொருள் எவ்வளவு பளுவைத் தாங்கும் என்பது கட்டியவர்களுக்கே முழுமையாகப் பிடிபடாததால், மரப்பலகையின் கனத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இழையையும் அதை ஒட்டி இறுக்கும் ரெசின் என்ற பிசினையும் தாராளமாக அடுக்கினார்கள். கார்ல் ஆல்பர்க் வடிவமைத்து, 1959-இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அறிமுகமான பியர்சன் டிரைட்டன் படகுகள் பல இன்றும் கடலில் ஓடுகின்றன. ஆனால் படகு என்பது உடற்பகுதி மட்டுமன்று. அதன்மேல் ஒட்டியும் முடுக்கியும் பொருத்தியும் வைத்த ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆயுள் உண்டு. ஐம்பது ஆண்டுகளில் அவற்றில் பலவற்றின் ஆயுள் முடிந்திருக்கும். தாங்கள் பார்க்க வேண்டியது அங்கேதான்.

முதலில் மேல்தளத்தைப் பாருங்கள். அக்காலப் படகுகள் பலவற்றில் மேல்தளம் என்பது இரண்டு கண்ணாடி இழைத் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்துண்டுகளை வைத்து ஒட்டியது. எடை குறைவாகவும் மிதிக்க உறுதியாகவும் இருக்கும் நல்ல அமைப்பு அது. நீர் உள்ளே இறங்காதவரை. கயிறு சுற்றும் உருளை, கைப்பிடிக் கம்பிகளின் கால்கள், பாய்மரத்தின் அடிப்பீடம் என்று ஒவ்வொன்றையும் திருகாணி கொண்டு முடுக்கும்போது அந்தத் தளத்தில் ஒரு துளை விழுகிறது. துளையைச் சுற்றி அடைத்த பசை வெயிலிலும் உப்பிலும் கிடந்து இறுகி வெடித்த பிறகு, மழைநீர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே சென்று பால்சாவை ஊறவைக்கிறது. சில ஆண்டுகளில் அது கைவிரலால் பிசையக்கூடிய கூழாகிவிடும். மேலே புதிய பூச்சு பளபளவென்று இருக்கும். உள்ளே தாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. நான் வாங்கிய முதல் படகில் இதைச் சோதிக்காமல் விட்டேன். பாய்மரத்தின் காலடியில் மட்டும் இரண்டு சதுர மீட்டருக்கு மேல் வெட்டி எடுத்து, புதிய மரம் வைத்து, மீண்டும் இழை போர்த்தி முடிக்க ஒரு பருவம் முழுவதும் கழிந்துவிட்டது.

சோதிக்கும் முறை எளியது. ஒரு திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தளம் முழுவதும், ஒரு சாண் இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் ஓசை கணீரென்று எழும். ஊறிய இடத்தில் மந்தமாக அடங்கிவிடும். காலால் அழுத்தினால் தளம் அமுங்கி மீளுவதும், திருகாணிகளைச் சுற்றிப் பழுப்பு நீர் கசிந்த தடமும் கெட்ட அறிகுறிகள். 'மேற்பூச்சு வேலை மட்டுமே' என்ற விளம்பரத் தொடரை இந்தச் சோதனைக்குப் பிறகுதான் நம்ப வேண்டும்.

அடுத்து, பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கம்பி வடங்களையும், அவற்றைப் படகின் உடலோடு பிணைக்கும் எஃகுத் தகடுகளையும் பாருங்கள். நான் மிகவும் அஞ்சுவது இந்தத் தகடுகளைத்தான். துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேற்பரப்பில் படியும் மெல்லிய ஆக்சைடு படலம். சிதைந்த படலம் மீண்டும் உருவாகக் காற்றில் உள்ள ஆக்சிஜன் வேண்டும். தகடு மேல்தளத்தைத் துளைத்துச் செல்லும் இடுக்கில் உப்புநீர் தேங்கி நிற்கும்போது அந்த ஆக்சிஜன் கிடைப்பதில்லை. எனவே கண்ணில் படும் பகுதி வெள்ளி போல மின்னிக்கொண்டிருக்க, மறைந்திருக்கும் இரண்டு அங்குலத்தில் எஃகு அரித்து விரிசல் விட்டிருக்கலாம். பலத்த காற்றில் ஒரு தகடு அறுந்தால் பாய்மரமே சாய்ந்துவிடும். ஆகவே ஒரு தகட்டையாவது கழற்றிக் காட்டும்படி உரிமையாளரைக் கேளுங்கள். மறுத்தால், அனைத்தையும் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துக்கொண்டு பேசுங்கள். கம்பி வடங்கள் எந்த ஆண்டில் மாற்றப்பட்டன என்பதற்கு ரசீது இல்லையென்றால் அவை மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள். பத்து முதல் பதினைந்து ஆண்டுகளைக் கடந்த வடங்களுக்குக் காப்பீடு தரப் பல நிறுவனங்கள் தயங்குகின்றன.

ஏரா எனப்படும் அடிப்பகுதியில் எடைக்காக வைத்த ஈயமோ இரும்போ கண்ணாடி இழைக்குள்ளேயே அடைக்கப்பட்டிருக்கிறதா, வெளியே திருகாணிகளால் தொங்குகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெளியே தொங்கினால், இணைப்பின் முன்பக்கத்தில் விரிசல் கோடு ஓடுகிறதா என்று படகைக் கரையேற்றிப் பார்க்க வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள வால்வுகள் பித்தளையாக இருந்தால், துத்தநாகம் கடல்நீரில் கரைந்துபோய் இளஞ்சிவப்பு நிறத்தில் உளுத்திருக்கும். சிறிய சுத்தியலால் தட்டினாலே உடையும். வெண்கல வால்வுகளே நீண்ட காலம் நிற்பவை.

எஞ்சினைச் சோதிக்கச் செல்லும் நாளில், அதை இயக்குவதற்கு முன் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், தாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் தடுமாறாமல் கிளம்புவதே நல்ல டீசல் எஞ்சினுக்கு அடையாளம். நீலப் புகை நீங்காமல் தொடர்ந்தால் எண்ணெய் எரிகிறது என்று அறியலாம்.

ஆய்வாளரைத் தாங்களே தேர்ந்தெடுங்கள். விற்பவர் பரிந்துரைப்பவர் வேண்டாம். கரையேற்றிய ஆய்விலும் கடலோட்டத்திலும் தங்களுக்கு நிறைவு ஏற்பட்டால் மட்டுமே வாங்குவேன், இல்லையேல் முன்பணம் திரும்ப வேண்டும் என்று எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு பழைய படகின் அடிப்பகுதியில் காசு அளவுக் கொப்புளங்கள் பல இருந்தன. அதைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டேன். செய்தது சரிதானா?

பதில்: சற்று அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. பாலியெஸ்டர் ரெசினின் மேற்பூச்சு வழியே நீர் மிக மெதுவாக ஊடுருவி, உள்ளே இறுகாமல் எஞ்சிய பொருள்களோடு சேர்ந்து அமிலத் திரவமாகிறது. அந்தத் திரவம் மேலும் நீரை இழுக்க, அழுத்தம் கூடிக் கொப்புளம் எழுகிறது. குத்தினால் காடி போன்ற புளித்த வாடை வரும். இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும் கொப்புளங்களைத் திறந்து, கழுவி, உலரவிட்டு, எபாக்சியால் அடைத்துவிடலாம். படகு அதனால் மூழ்குவது மிக அரிது. அடிப்பகுதி முழுவதும் பரவியிருந்தால்தான் மேற்பூச்சைச் சீவி எடுத்து மாதக்கணக்கில் உலர்த்த வேண்டிய பெரிய வேலை. ஊறிய மேல்தளத்தைக் கண்டு அஞ்ச வேண்டிய அளவுக்குக் கொப்புளத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

கேள்வி: நீண்ட ஏரா கொண்ட பழைய படகுகள் மிகவும் மெதுவானவை, அவற்றை வாங்குவது பழமைப் பற்று மட்டுமே என்கிறான் என் மகன். தங்கள் கருத்து என்ன?

பதில்: மெதுவானவை என்பது உண்மை. நீரைக் கிழித்துச் செல்லும் இத்தகைய படகின் வேக எல்லையை அதன் நீர்மட்ட நீளம் தீர்மானிக்கிறது: அடிக்கணக்கில் அந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வேகம் 'நாட்' அலகில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வரும். பழைய 32 அடிப் படகுகளின் முனைகள் நீண்டு வளைந்து நீருக்கு மேலே நிற்பதால் நீர்மட்ட நீளம் 24 அடி அளவில்தான் இருக்கும். எனவே சுமார் 6.5 நாட். அதே நீளத்தில் முனைகள் செங்குத்தாக இறங்கும் புதிய படகு ஏழு நாட் வேகத்தைத் தாண்டும்.

ஆனால் கடற்பயணத்துக்கு வேகம் மட்டும் போதாது. இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துப் பக்கம் சென்று திரும்பும் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் 1979-இல் 303 படகுகள் கிளம்பின. புயலில் 15 பந்தய வீரர்கள் இறந்தனர். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்த ஒரே படகு, டேவிட் சாட்லர் வடிவமைத்த கான்டெஸ்ஸா 32 வகையைச் சேர்ந்த அசென்ட். அதன் உருவம் ஒடுக்கமானது. மொத்த எடையான 9,500 பவுண்டில் ஏறத்தாழ பாதி அடியில் இருக்கிறது. அகன்று மிதக்கும் படகு தலைகீழானால் அப்படியே கிடந்துவிடக்கூடும். இத்தகைய படகு மீண்டும் நிமிரும். தனியாளாக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி வரும், 2018-இல் புத்துயிர் பெற்ற கோல்டன் குளோப் படகுப் பந்தயமும் 1988-க்கு முன் வடிவமைக்கப்பட்ட, 32 முதல் 36 அடி வரையிலான, நீண்ட ஏரா கொண்ட படகுகளையே அனுமதித்தது. 2022-இல் தொடங்கிய அதன் அடுத்த பந்தயத்தில் இந்திய மாலுமி அபிலாஷ் டோமி இரண்டாவதாக வந்தது ரஸ்லர் 36 என்ற அவ்வகைப் படகில்தான். குறுகிய நீர்ப்பரப்பில் வார இறுதியில் ஓட்டுவதற்கென்றால் மகன் சொல்வதைக் கேளுங்கள். நாள் கணக்கில் கரை காணாமல் செல்வதென்றால், அரை நாட் வேகத்தை விட்டுக்கொடுத்து உறங்கக்கூடிய படகை வாங்குங்கள்.

கேள்வி: ஆவணங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கடல்சார் சட்டத்தில், செலுத்தப்படாத சில கடன்கள் ஆளைத் தொடராமல் படகைத் தொடரும். முந்தைய உரிமையாளர் பழுதுபார்ப்புக் கூலியைத் தராமல் விட்டிருந்தால், வாங்கிய பிறகு தங்கள் படகைச் சிறைப்பிடிக்க வழியுண்டு. எனவே பதிவேட்டில் அடமானம் ஏதும் உள்ளதா என்று பாருங்கள். படகு நிற்கும் துறையில் பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள். அமெரிக்காவில் 1972 நவம்பர் முதல் கட்டப்பட்ட படகுகளில் பின்பக்கப் பலகையின் வலப்புறம் 12 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாளக் குறி இருக்கும். அது பத்திரத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று தாங்களே நின்று சரிபாருங்கள்.