டிசிபி நம்பகமானது, யுடிபி வேகமானது என்கிறார்களே, எதை எடுப்பது?

இரண்டும் நெட்வொர்க்கில் தகவலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் முறைகள் (TCP, UDP). மதுரையில் கடைகளுக்கு கேமரா மாட்டுவதுதான் என் பிழைப்பு. அதனால் அந்தப் பக்கமிருந்தே சொல்கிறேன்.

கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடை. முதலாளி மாடியில் உட்கார்ந்தபடி போனில் கல்லாவைப் பார்க்க வேண்டும். கேமராவை யுடிபியில் விட்டால் படம் உடனுக்குடன் வரும். ஆனால் வைஃபை கொஞ்சம் திணறினாலும் ஆள் முகம் இழுபட்டு, சாம்பல் கட்டங்களாகிவிடும். அடுத்த கீ ஃப்ரேம், அதாவது முழுப் படம், வரும்வரை அந்தக் கோலம்தான். டிசிபிக்கு மாற்றினால் படம் பளிச்சென்று இருக்கும். ஆனால் சிக்னல் தடுமாறும்போதெல்லாம் பின்தங்கும். "தம்பி, அந்த ஆள் அப்பவே போயிட்டாரு, போன்ல இன்னும் கல்லா முன்னாடியே நிக்கிறாரே" என்பார் அண்ணாச்சி.

காரணம் இதுதான். டிசிபி முதலில் மூன்று செய்திகள் பரிமாறி இணைப்பை உறுதிசெய்யும். அனுப்பும் ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் உண்டு. எதிர்முனை 'வந்துவிட்டது' என்று சொல்லாவிட்டால் மறுபடி அனுப்பும். நடுவில் ஒரு பாக்கெட் (தகவலின் ஒரு சிறு பொட்டலம்) தொலைந்தால், பின்னால் பத்திரமாக வந்து சேர்ந்தவையும் அது வரும்வரை காத்துக் கிடக்கும். யுடிபிக்கு இந்த வம்பே கிடையாது. 1980இல் வந்த அதன் வரையறை மொத்தமே மூன்று பக்கம். ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும் ஒட்டும் விவரத் தலைப்பகுதி 8 பைட். டிசிபிக்குக் குறைந்தது 20. யுடிபியின் பாக்கெட் கம்பியில் ஒன்றும் கூடுதல் வேகத்தில் ஓடுவதில்லை. அது யாருக்காகவும் நிற்பதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, தாமதமாக வந்தாலும் அந்தத் தகவல் பயன்படுமா என்று பாருங்கள். பில், வங்கிக் கணக்கு, பிறகு போலீஸ் கேட்கக்கூடிய பதிவு எல்லாம் டிசிபி. போன் பேச்சு, ஆன்லைன் விளையாட்டு யுடிபி.

அப்புறம், இந்த இரண்டோடு கதை முடியவில்லை. கூகுளில் தொடங்கி 2021இல் தரநிலையான குவிக் (QUIC) என்ற அனுப்பும் முறை, யுடிபி மேல்தான் ஓடுகிறது. ஆனால் தொலைந்ததை மறுபடி அனுப்பும் பொறுப்பைத் தானே ஏற்கிறது. ஒரே இணைப்பில் பல ஓடைகள் என்பதால் ஒன்றில் பாக்கெட் தொலைந்தால் மற்றவை நிற்காது. இணைப்புக்குத் தனி அடையாள எண் இருப்பதால், கடை வைஃபையிலிருந்து வீதிக்கு வந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் அறுபடாமல் தொடர முடியும். இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி/3 முழுக்க இதன் மேல்தான். சில அலுவலக ஃபயர்வால்கள் (நெட்வொர்க்கின் காவல் தடுப்புகள்) குவிக் வழக்கமாகப் போகும் வாசலான யுடிபி 443ஐ அடைத்து வைத்திருக்கும். அங்கே பிரவுசர் சத்தமில்லாமல் டிசிபிக்கே திரும்பிவிடும்.