எத்தியோப்பியாவில் தேவாலயத்தைச் சுற்றி மட்டும் காடு மிஞ்சியிருப்பது ஏன்?

வட எத்தியோப்பியாவை மேலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தால், காய்ந்த வயல்களுக்கு நடுவே வட்ட வட்டமாகப் பச்சைத் திட்டுகள் தெரியும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஆர்த்தடாக்ஸ் என்ற பழமையான கிறிஸ்தவப் பிரிவின் தேவாலயம் ஒன்று இருக்கும். இவற்றைத்தான் தேவாலயக் காடுகள் என்கிறார்கள்.

காரணம் வழிபாட்டிலேயே இருக்கிறது. அங்குள்ள ஒவ்வொரு தேவாலயத்தின் கருவறையிலும் 'தாபோத்' என்ற புனிதப் பலகை உண்டு. பத்துக் கட்டளைகள் எழுதிய கற்பலகைகளை வைத்திருந்ததாக பைபிள் சொல்லும், மோசேயின் உடன்படிக்கைப் பெட்டியை நினைவூட்டுவது அது. அதன் புனிதம் சுற்றியுள்ள நிலத்துக்கும் பரவுகிறது என்பது நம்பிக்கை. அந்த மரங்களை ஏதேன் தோட்டத்தின் சாயலாகவும், தேவாலயத்துக்கு உடுத்திய ஆடையாகவும் பார்க்கிறார்கள். நம்மூர் அய்யனார் கோயில்காட்டில் சுள்ளி ஒடிக்கத் தயங்குவோமே, கிட்டத்தட்ட அதே தயக்கம்தான். வெளியே காடெல்லாம் உழவுக்கும் விறகுக்கும் போய்விட, உள்ளே காட்டு ஒலிவம், ஜூனிபர் போன்ற மரங்கள் தப்பித்தன. பக்கத்து வயல்களின் மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீக்கள் இங்கிருந்தும் போகின்றன. எந்த வனச்சட்டமும் இவ்வளவு காலம் இப்படிக் காவல் காத்திருக்குமா என்பது என் சந்தேகம்.

சரி, பக்தி இருந்தால் போதுமா? போதாது. மேய வரும் மாடுகள் இளங்கன்றுகளைத் தின்றுவிடும். பெரிய மரம் சாய்ந்தால் அந்த இடத்தை நிரப்ப இளமரம் இருக்காது. அதனால் பல ஊர்களில் வயலில் கிடக்கும் கற்களைப் பொறுக்கி, காட்டைச் சுற்றி மதில் கட்டுகிறார்கள். வயலும் சுத்தமாகிறது.

அப்புறம், இவர்கள் மரத்தைக் கும்பிடுகிறார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். தவறு, வணக்கம் கடவுளுக்கு, மரம் அவர் வாசலில் நிற்பதால் மதிப்பு.