கார்த்திகைக் கல்யாணம்: மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். மகளுக்குக் கார்த்திகையில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பொன்னேரி. முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். 500 பேர் வருவார்கள். இரண்டு மண்டபம் பார்த்தோம். ஒன்று டோல்கேட் மெட்ரோ பக்கம், மெயின் ரோட்டிலேயே. ஏசி உண்டு, மேடை பிரமாதம், சாப்பாட்டுக் கூடம் மாடியில், ஒரு பந்திக்கு 120 பேர். இன்னொன்று கொருக்குப்பேட்டையில் தெருவுக்குள். ஏசி கிடையாது, ஆனால் பந்திக்கு 250 பேர் உட்காரலாம், வாடகையும் குறைவு. வீட்டில் எல்லோருக்கும் முதல் மண்டபம்தான் பிடித்திருக்கிறது. எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: மேடையை வைத்து முடிவெடுக்காதீர்கள் அம்மா. சுமாரான மேடையையும் அலங்காரக்காரர் ஒரே ராத்திரியில் ஜொலிக்க வைத்துவிடுவார். பந்திக் கூடத்தை அப்படிப் பெரிதாக்க முடியாது. இலை போட்டு, பரிமாறி, மேசை துடைத்து அடுத்த இலை விழ எப்படியும் 40 நிமிடம் ஆகும். 120 பேர் வீதம் 500 பேருக்கு ஐந்து பந்தி, அதாவது மூன்று மணி நேரத்துக்கு மேல். ரிசப்ஷனுக்கு முக்கால்வாசிப் பேர் எட்டிலிருந்து ஒன்பதுக்குள்தான் வந்து இறங்குவார்கள். இடம் பிடிக்க, சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்தவர் வந்து நின்றுகொள்வார். முன்னால் இருப்பவர் பாயசம் வரும்வரை காத்திராமல் எழுந்துவிடுவார். பொன்னேரியிலிருந்து வரும் சம்பந்தி வீட்டாருக்கு அந்த நிலை வரக்கூடாது. இரண்டாவது மண்டபத்தில் இதே கூட்டம் இரண்டு பந்தியில் முடிந்துவிடும்.

பகல் வேளையில் காலி மண்டபத்தைத்தான் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். காலியாக இருக்கும்போது எல்லா மண்டபமும் பெரிதாகத்தான் தெரியும். அடுத்த முகூர்த்த நாளுக்கு முந்தைய மாலை, மேனேஜரிடம் சொல்லிவிட்டு எட்டு மணிக்கு இரண்டுக்கும் போய்ப் பாருங்கள். படிக்கட்டில் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் இடித்துக்கொள்கிறார்களா? கை கழுவும் குழாய் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் தண்ணீர் வருகிறதா? தொட்டியில் சோறு அடைத்து நிற்கிறதா? மணமகள் அறைக் கழிவறையை உங்கள் மகளையே பார்க்கச் சொல்லுங்கள். பட்டுப் புடவையோடு அங்கே போய் வரப்போவது அவள்தான்.

மாடியில் பந்தி என்றால், இறங்க இரண்டாவது வழி இருந்தே ஆக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ‘பின்னால் படி இருக்கிறது’ என்று சொன்னால், அந்தக் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நாற்காலியும் பாத்திரமும் அடுக்கிப் பூட்டி வைத்திருந்தால் அது வழி இல்லை.

அடுத்தது மழை. கார்த்திகை என்றால் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை, வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும் நேரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததும் கார்த்திகையில்தான். வடசென்னை பட்டது உங்களுக்கே தெரியும். இதை மேனேஜரிடம் கேட்டுப் பயனில்லை. எதிரே இருக்கும் டீக்கடையிலும் இஸ்திரி வண்டிக்காரரிடமும், ‘மிக்ஜாம் சமயத்தில் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு, எத்தனை நாள் நின்னுச்சு’ என்று கேளுங்கள். நம் பக்கம் பல தெருக்களில் மேலே மேலே ரோடு போட்டு, பழைய கட்டடங்களின் தரை தாழ்ந்துபோயிருக்கிறது. வாசலில் படி இறங்கி உள்ளே போகிற மண்டபமாக இருந்தால் யோசியுங்கள். சமையல்கட்டு தரையையும் ஜெனரேட்டர் வைத்திருக்கும் இடத்தையும் கட்டாயம் பாருங்கள். இரண்டும் பெரும்பாலும் பின்பக்கப் பள்ளத்தில்தான் இருக்கும். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசியும் லிஃப்டும் ஓடுமா, லைட்டும் ஃபேனும் மட்டுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்துபோக இரண்டுமே தோதுதான். கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் கொருக்குப்பேட்டையில் நிற்கிறது. டோல்கேட் என்றால் விம்கோ நகரில் இறங்கி மெட்ரோ பிடிக்கலாம். காரில் வருகிறவர்களிடம், எண்ணூர் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், முன்கூட்டியே கிளம்புங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

வாடகை குறைவு என்பதை வாடகையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, யூனிட் கணக்கில் கரண்ட், மணிக்கணக்கில் ஜெனரேட்டர், கிளீனிங், குப்பை என்று தனித்தனியாக ஏறும். எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கிய பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். சமையலுக்கும் அலங்காரத்துக்கும் அவர்கள் ஆளைத்தான் வைக்க வேண்டுமா? ரிசப்ஷனில் பிரியாணி போடும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே கேளுங்கள். அசைவமே கூடாது என்கிற மண்டபங்களும் உண்டு, வெளியே சமைத்துக் கொண்டுவந்தால் சரி என்கிறவையும் உண்டு.

என் யோசனை: கொருக்குப்பேட்டைத் தெருவில் தண்ணீர் நிற்காது என்று அக்கம்பக்கத்தார் சொன்னால் அதையே எடுங்கள். கார்த்திகை ராத்திரியில் ஏசி இல்லாதது பெரிய குறை ஆகாது. வேண்டுமானால் மணமகள் அறைக்கு மட்டும் வாடகை ஏசி வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் நிற்கும் என்றால் டோல்கேட் மண்டபம், ஆனால் இரண்டாவது படிக்கட்டு இருந்தால் மட்டும். அங்கே கீழே இடம் இருந்தால் இளவட்டங்களுக்கு பஃபே போட்டு மாடிக் கூட்டத்தைக் குறையுங்கள்.

அட்வான்ஸ் ரசீதில் தேதியும் தொகையும் மட்டும் போதாது. சாவி எத்தனை மணிக்குக் கைக்கு வரும், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், அன்று காலை அதே மண்டபத்தில் வேறு கல்யாணம் இருக்கிறதா, புயல் மழையால் தேதி தள்ளிப்போனால் அட்வான்ஸ் அடுத்த தேதிக்குச் செல்லுமா என்று நான்கையும் எழுதி, சீல் வைத்து வாங்குங்கள். சாவி வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் மேனேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கரண்ட் மீட்டரை போனில் படம் எடுத்துவிடுங்கள்.