மகன் சாப்பாட்டை நண்பனுக்குக் கொடுத்துவிட்டுப் பசியோடு வருகிறான்

திட்டாதீர்கள். நாளைக்கு டப்பாவில் நாலு இட்லி கூடுதலாக வைத்து, "இது உன் நண்பனுக்கு" என்று சொல்லியே அனுப்புங்கள். ஒளித்துக் கொடுக்கும் பழக்கம் அதோடு நிற்கும்.

11 மணி இடைவேளையிலேயே டப்பா காலியாகிறது என்கிறீர்கள். அந்தப் பையன் காலையில் சாப்பிடாமல் வருகிறான் என்றே நினைக்கிறேன். அரசுப் பள்ளிதானே? 1 முதல் 5ஆம் வகுப்பு வரை 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இருக்கிறது. ஆனால் வகுப்பு தொடங்கும் முன்பே பரிமாறிவிடுவார்கள், தாமதமாக வந்தால் கிடைக்காமல் போகலாம். ஆசிரியரிடம் தனியாகக் கேளுங்கள், அந்தப் பிள்ளையின் காதில் விழாமல்.

என் மகளும் இப்படித்தான் கொடுத்தாள். அன்று அவளைக் கண்டித்தது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

ஒன்று மட்டும் பாருங்கள். "அவனுக்கு என்ன பிடிக்கும்?" என்று மகனிடம் கேளுங்கள். உற்சாகமாகச் சொன்னால் சரி. முகம் வாடினால், யாரோ பிடுங்கிக்கொள்கிறார்களா என்று விசாரியுங்கள்.